உறுமியை ரசித்தால் மட்டும் போதுமா?

அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குத் திருவிழா என்றாலே உறுமி மேளம்தான். உறுமி அதிர்ந்தால் கால்கள் தாமாக ஆடும். ஆனால், பல்கலைக்கழகம் வந்ததும் அதைத் 'தோட்டத்து மேளம்' என்று ஒதுக்குகிறோம். நானும் அப்படி ஒதுக்கியவன்தான்.

தமிழகத்தையே காணாத நமக்கு, ரப்பர் காட்டுக்கு வந்த பாட்டன் பாட்டி விட்டுச் சென்ற சொத்து அது. அதை ரசிக்க நாம் ஏன் கூச வேண்டும்?

கனடாவின் கேப் பிரிட்டன் தீவில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் வாரிசுகள் முன்னோரின் பிடில் இசையை இன்றும் பெருமையோடு வாசிக்கிறார்கள். கேலிக் மொழிக்காக 1938-இல் கல்லூரியும் தொடங்கினார்கள். இருந்தும், அங்கே கேலிக் பேசுவோர் மிகக் குறைந்துவிட்டனர். இசை தங்கியது, மொழி தேய்ந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலாக்கா நகரிலேயே 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. அதைப் போற்றிவரும் மலாக்கா செட்டி மக்கள் பொங்கலை மறக்கவில்லை. ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. தமிழ்ப்பள்ளி இல்லாத காலத்திலேயே நூற்றாண்டுகளாக வழிபாட்டைக் காத்தவர்கள் அவர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த நாம் என்ன சாக்குச் சொல்வோம்?

நண்பர்களே, உறுமிக்குக் கூச்சமின்றி ஆடுவோம். ஆடி முடித்ததும், பாடிய பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து அந்தப் பாட்டின் சொற்களையும் பொருளையும் கேட்டு எழுதிக்கொள்வோம். அவருக்குப் பின் அதைப் பாட வேண்டியவர்கள் நாம்தானே?