டீசலுக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் இனிப் பணி நியமனக் கடிதம் கட்டாயம் என்று விளம்பரமும் வந்தது. முட்டத்துக் கடற்கரையை நினைத்துக்கொண்டேன். அங்கே யார் யாருக்குக் கடிதம் கொடுப்பது? படகு உரிமையாளர் தூண்டில்காரருக்கா, தரகர் டிரைவருக்கா, கடலம்மை எல்லாருக்குமா?

மற்ற ஊர்க்காரர்களுக்கு முட்டம் என்றால் ‘அலைகள் ஓய்வதில்லை’ படமெடுத்த பாறைகளும் கலங்கரை விளக்கமும்தான். ஊருக்குள் கேட்டால் ‘தொழிலுக்குப் போயிருக்காவ’ என்பார்கள். அந்தத் தொழிலைத்தான் புதிய சட்டம் தொழிலாகப் பார்க்க மறுக்கிறது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் வாசலிலேயே பத்துப் பேர் இருந்தால்தான் நிறுவனம் என்று எழுதியிருக்கிறது. வள்ளத்தில் போவது நாலைந்து பேர். பெரிய விசைப்படகில் பத்துப் பேர் தேறினாலும் ‘அவர்கள் கூலிக்காரர்கள் அல்ல, பங்குக்காரர்கள்’ என்ற பழைய வாதம் தயாராக இருக்கிறது. டீசல், ஐஸ், இரை, அரிசி, பருப்பு எல்லாம் கழித்து மிஞ்சினால் பங்கு, மிஞ்சாவிட்டால் வெறுங்கை. இப்படிப்பட்டவரைக் கூட்டாளி என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் சொல்வது தாளுக்குக் கேடு.

நான் அடிக்கடி சொல்லும் ஓர் ஒப்பீடு உண்டு. நண்பர்களுக்குச் சலித்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். இதே மாவட்டத்தில் கன்னியாகுமரியிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. தூரம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். வரிசையில் நிற்க வேண்டும், டிக்கெட் வாங்க வேண்டும், ஆளை எண்ணித்தான் ஏற்றுவார்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் தருவார்கள். அதன் நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் பாறை வந்துவிடும். கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு இத்தனை ஏற்பாடு. நல்லதுதான், குறை சொல்லவில்லை. அதே கடலில் பத்து நாள், இருபது நாள் தங்கித் தொழில் செய்யப் போகிறவரை யார் எண்ணுகிறார்கள்? அரைக் கிலோமீட்டர் போகும் சுற்றுலாப் பயணியின் உயிருக்கு உள்ள மதிப்பு, கரை மறைந்த பிறகும் நாள் கணக்கில் ஓடுகிறவரின் உயிருக்கு இல்லையா?

கையில் அடையாள அட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடல் வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்த அட்டை அது. ஆள் மூழ்கினால் அட்டையும் மூழ்கும். டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறோம் என்பார்கள். அது படகைக் காட்டும். படகுக்குள் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பையன்கள் எத்தனை பேர் என்று காட்டாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-லேயே மீன்பிடித் தொழிலுக்கென்று 188-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. படகில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ கரையில் உரியவரிடம் சேர வேண்டும் என்கிறது அது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில் 24 மணி நேரத்துக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். மீனின் இனப்பெருக்கத்துக்கு ஓய்வு தரச் சட்டம் இருக்கிறது. மீன் பிடிப்பவர் கண்மூடுவதற்கு 77 மணி நேரம் கேட்டால் மட்டும் நடைமுறைச் சிக்கலாம்!

அந்த உடன்படிக்கை அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 16. சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். எச்சரிக்கை வந்தபோது படகுகள் போய்விட்டிருந்தன. கடலில் எத்தனை பேர்? அரசு ஒரு எண் சொன்னது, மீனவர் அமைப்புகள் வேறொன்று சொன்னன, இரண்டும் நாளுக்கு நாள் மாறின. கடைசியில் பங்குத்தந்தையர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதினார்கள். (எங்கள் கரையில் மீன் காசும் பங்கு, கோயிலும் பங்கு. இரண்டாவதில்தான் ஆளுக்குப் பதிவேடு உண்டு.) டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஜனம் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் சென்னை திரும்பிப் பார்த்தது. பிறகு 20 லட்சம் நிவாரணம், காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டு காத்திருக்கும் விதியில் தளர்வு. செத்த பிறகு வேகமாக நடக்கிறது நம் நிர்வாகம். அன்றைக்குக் கரையில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் பலர் உயிரோடு திரும்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொழிற்சங்கங்களையும் சும்மா விட முடியாது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியபோது கொதித்தார்கள், மே 1 அன்று முதல்வரைத் திரும்பப் பெற வைத்தார்கள். பாராட்டுகிறேன். பன்னிரண்டு மணி நேரம் என்று கேட்டாலே சிரித்துவிடும் மனிதர்கள் முட்டத்தில் இருக்கிறார்களே, அவர்களுக்காக எந்தக் கொடி ஏறியது? மீன்பிடிப் படகில் அடிமைகளை வைத்திருப்பதாக உலகமே காறித் துப்பிய தாய்லாந்து 2019 ஜனவரியில் 188-ஐ ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் ஏற்கவில்லை.

படகு உரிமையாளர்களில் பலரும் கடன்பட்டவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாளில் பத்துப் பெயர் எழுத என்ன கடன் வேண்டும்? விசைப்படகுகளுக்கு அரசு வரிவிலக்கு டீசல் தருகிறது. எந்தப் படகு எத்தனை லிட்டர் வாங்கியது என்று எழுதி வைக்கிறார்கள், ஒரு சொட்டு பிசகாது. அந்த ஏட்டின் பக்கத்திலேயே ஆள்பட்டியலையும் வாங்கச் சொல்லி நாளைக்கே மீன்வளத் துறை உத்தரவு போடட்டும்: பட்டியல் தராத படகுக்கு டீசல் கிடையாது. டெல்லியின் கையெழுத்துக்கோ ஜெனிவாவின் அனுமதிக்கோ காத்திருக்க வேண்டாம். முட்டத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வரும் ஓர் எழுத்தர் போதும்.