பூட்டிக்கொண்ட லேப்டாப்... ரிப்பேரா, புதுசா?

முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா வீடு. பிரான்சில் இருக்கும் சித்தப்பா, எட்டு வருஷத்துக்கு முன்னால் விடுமுறைக்கு வந்தபோது தான் பயன்படுத்திய லேப்டாப்பை தாத்தாவிடம் விட்டுப் போனார். வீடியோ கால், பழைய போட்டோக்கள், பென்ஷன் காகிதங்கள் எல்லாம் அதில்தான். போன வருஷம் தாத்தா காலமானார்.

புதுச்சேரி உப்புக்காற்று சும்மா விடுமா? கீபோர்டில் பாதி எழுத்து விழவில்லை. பேத்தி கடைக்கு எடுத்துப் போனாள். பிரெஞ்சு கீபோர்டு இங்கே சுலபத்தில் கிடைக்காது என்று, வழக்கமான ஆங்கில கீபோர்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால், 'பாஸ்வேர்டு தப்பு'!

"தாத்தா கைப்பட எழுதி பென்ஷன் ஃபைல்ல வெச்சிருக்காரேடி. என் பேரு, கல்யாணம் ஆன வருஷம். அது எப்படி தப்பாகும்?" என்றார் ஆயா.

மறுபடி கடை. "ஃபார்மட் பண்ணித் தரேன். இல்லன்னா புதுசு வாங்கிடுங்க. பழைய மெஷின்தானே!" ஃபார்மட் செய்தால் தாத்தாவின் போட்டோக்களும் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. பேத்திதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவசரப்படாமல் வீட்டுக்குத் திரும்பினாளே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தினால், தட்டியது அப்படியே தெரியும். 'ஏ' தட்டிய இடத்தில் 'க்யூ' இருந்தது. 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் கமா. வருஷத்துக்குப் பதில் ஏதேதோ குறிகள்! கீபோர்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது, விண்டோஸ் இன்னும் பிரெஞ்சிலேயே இருந்தது. பிரெஞ்சு கீபோர்டில் 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறியிருக்கும். மேல் வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். திரையிலேயே கீபோர்டை வரவழைக்கும் வசதி லாகின் பக்கத்தில் உண்டு. அதில் மவுசால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். திறந்துகொண்டது.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால், பூட்டிய லேப்டாப்பை 'கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன், எது பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் விண்டோஸ் பாஸ்வேர்டுதான் மறந்துவிட்டது என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் போனிலிருந்தே மாற்றலாம். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகாதிருந்தால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தே ஃபைல்களை எடுத்துவிடலாம். ஆன் செய்ததுமே, விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்டால் அது பயாஸ் பூட்டாக இருக்கலாம். அது மதர்போர்டில் இருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ளவை பத்திரம்.

பயப்பட வேண்டியது பிட்லாக்கருக்குத்தான். 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். டிஸ்க்கைக் கழற்றினாலும் கேட்கும், மதர்போர்டை மாற்றினாலும் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பல வீடுகளில் அது லேப்டாப்பை முதலில் செட் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள். பீரோ சாவிக்கு ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதுபோல. செகண்ட் ஹேண்டில் 'லாக் இருக்கு, எடுத்துடலாம்' என்று மலிவாக வந்தால், பில் கேளுங்கள். பில் இல்லையா, வேண்டவே வேண்டாம்.

சரி, திறந்தாயிற்று. வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? இந்த வீட்டு லேப்டாப்புக்கு வயது பத்தை நெருங்குகிறது, ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். இது ஆறாம் தலைமுறை. பேட்டரியும் எஸ்எஸ்டியும் மாற்றினால் வேகம் கூடும், ஆனால் பேங்க் வேலை பார்க்க நம்ப முடியாது. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். அதைப் பழகிக்கொள்ள வீட்டில் யாராவது வேண்டும்.

ரிப்பேர் செலவு புது லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்காமல் மாற்றலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் வாங்கும்போதே பார்க்க வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. சித்தப்பா இருக்கும் பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல், லேப்டாப் எவ்வளவு சுலபமாக ரிப்பேர் ஆகும் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். கழற்றுவது சுலபமா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அதில் அடக்கம். இங்கே 2022 டிசம்பர் 24-ல் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாக விவரங்களை அதில் தேடலாம். கடையில் நாமே கேட்கலாம்: பேட்டரி தனியாகக் கிடைக்குமா? ரேம் கழற்ற முடியுமா, இல்லை போர்டோடு ஒட்டியதா?

பேத்தி காலேஜுக்குப் புதுசு வாங்குவது என்று முடிவானது. பழையதில் இருந்த போட்டோக்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தாள். நெட் இணைப்பைத் துண்டித்து, லேப்டாப்பை ஆயா அறையில் வைத்தாள். இனி அது போட்டோ ஆல்பம் மட்டும்தான்.

"ஆயா, பாஸ்வேர்டை எடுத்துடட்டுமா? உனக்கு சுலபமா இருக்கும்."

"வேணாம்டி. அது அப்படியே இருக்கட்டும்."