எங்களைக் கும்பிடாதீங்க, கணக்கைக் காட்டுங்க

தமிழ் சினிமாவுல விவசாயியைக் கடவுள்னு சொல்லாத ஹீரோ யாராவது இன்னும் மிச்சம் இருந்தா சொல்லுங்க, அவருக்கு ரசிகர் மன்றம் வைக்க நான் தயார். மத்தவங்க எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. பாட்டு வெளியீட்டு விழாவுல சொல்றாங்க, படத்தோட கடைசி அரை மணி நேரத்துல சொல்றாங்க, பொங்கல் அன்னிக்கு டிவி பேட்டியில சொல்றாங்க. அதைக் கேக்குறப்ப எனக்குப் பெருமை வரல, பயம்தான் வருது. எங்க ஊர் எல்லைச்சாமிக்கு வருஷத்துல ஒரு நாள் மாலை, பொங்கல், மேளம் எல்லாம் உண்டு. மிச்ச 364 நாளும் வெயில்லதான் நிக்குது. கடவுளா இருக்குறதுல உள்ள சௌகரியம் அவ்வளவுதான்.

நான் மன்னார்குடி பக்கம் ரெண்டரை ஏக்கர் நெல்லு போடுறவன். பன்னெண்டாவதோட படிப்பு நின்னுச்சு, சினிமா நிக்கல. டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குமிச்சு உக்காந்து பாத்த காலத்துலேர்ந்து, இப்ப மோட்டார் கொட்டகையில போன்ல பாக்குற காலம் வரைக்கும் விட்டதில்ல. அதனால இதை சினிமாவே ஆகாத பெருசு ஒண்ணு புலம்புதுன்னு எடுத்துக்காதீங்க. சினிமா பிடிச்சவன் கோவத்துல எழுதுறது இது.

என் கோவம் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம படங்கள்ல விவசாயி அழுவான், சாவான், கும்பிடப்படுவான். ஆனா அவன் நெல்லு மூட்டை என்ன விலைக்குப் போச்சு, கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு மட்டும் ஒரு படமும் பேசாது. 1967-ல எம்.ஜி.ஆர். 'விவசாயி'ன்னே பேர் வச்சு நடிச்சார். அந்தப் பாட்டு இன்னைக்கும் ஊர்க் கூட்டத்துல ஒலிக்குது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. டிராக்டர் மாறிடுச்சு, ஹீரோ மாறிட்டாங்க, கும்பிடு மட்டும் மாறல.

'கத்தி'யை எடுத்துக்குங்க. 2014 தீபாவளிக்கு வந்துச்சு. முருகதாஸ் படம், விஜய்க்கு ரெட்டை வேஷம். தண்ணியை உறிஞ்ச வந்த குளிர்பான கம்பெனி, நிலத்தைக் காப்பாத்தப் போராடுற ஊர். விஷயம் நல்ல விஷயம்தான், மறுக்கல. ஊர்ப் பெரியவங்க கேமரா முன்னாடி கழுத்தை அறுத்துக்குற இடத்துல எங்க ஊர் ஆளுங்களும் அழுதாங்க. அப்புறம் என்ன ஆச்சு? ஹீரோ சில்லறைக் காசை வீசிப்போட்டு, விளக்கை அணைச்சு, அத்தனை பேரையும் அடிச்சார். சென்னைக்குப் போற தண்ணிக் குழாய்க்குள்ள போய் உக்காந்தாங்க. பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒரு பேச்சு பேசினார். பிரச்சினை முடிஞ்சது. ஜனங்க கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

எனக்கு எதிரி ஒரே ஒரு கம்பெனிக்காரனா இருந்தா நானே நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போய் பேசிப் பாத்துருப்பேன். என் எதிரிக்கு மூஞ்சி கிடையாது. அறுப்புக்கு நாலு நாள் முன்னாடி பெய்யுற மழை, ஏறுற உர விலை, ஏறாத நெல்லு விலை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்கமாட்டேங்குற மீட்டர். எந்த ஹீரோ வந்து இந்த மீட்டரை அடிப்பார்?

'பூமி' 2021 பொங்கலுக்கு ஓடிடி-ல வந்துச்சு. அதுல ஹீரோ நாசா விஞ்ஞானி. செவ்வாய்க் கிரகத்துல மனுசன் வாழ வழி பாக்குறவர், லீவுக்கு ஊருக்கு வந்து எங்களைக் காப்பாத்துறார். கவனிச்சீங்களா? எங்களைக் காப்பாத்த எங்கள்ல ஒருத்தன் போதாது. நாசாவுலேர்ந்து இறக்குமதி பண்ணணும். இங்கயே கிடக்குறவனுக்கு எதுவும் தெரியாது, அவன் கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கணும், கடைசியில ஹீரோவைத் தோள்ல தூக்கணும்.

'கடைக்குட்டி சிங்கம்' எனக்குக் கொஞ்சம் பிடிச்ச படம். விவசாயின்னு மார் தட்டிச் சொல்ற ஹீரோவா கார்த்தியைக் காட்டினது நல்லது. எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்த அஞ்சு அக்காமாருக்காகவே ரெண்டு தடவை பாத்தாங்க. ஆனா படம் பூரா சண்டை எதுக்கு? அவர் யாரைக் கட்டிக்கணும்ங்குறதுக்கு. எங்க ஊர்ல பிரச்சினை தலைகீழ். விவசாயம் பாக்குற பையனுக்கு யார் பொண்ணு குடுப்பாங்கங்குறதுதான் பேச்சு. மாப்பிள்ளை டவுன்ல செக்யூரிட்டி வேலைன்னா கூட தாம்பூலம் மாத்திக்குறாங்க, வயல் பாக்குறார்னா தரகரே அடுத்த வீட்டுக்குப் போயிடுறார்.

பாட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். பச்சைப் பயிருக்குள்ள முப்பது பேர் இறங்கி ஆடுவாங்க. நீங்க ஹீரோயினைப் பாப்பீங்க. நாங்க காலடியில மிதிபடுற பயிரைப் பாப்போம். பால் பிடிக்குற நேரத்துல அதை மிதிச்சா அத்தனையும் பதருதான். நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈடு குடுத்தாங்களான்னு வரப்புல உக்காந்து கவலைப்படுற ரசிகர் கூட்டம் எங்க ஊர்ல மட்டும்தான் இருக்கும்.

சரி, கணக்கு கணக்குங்குறியே, அது என்னன்னு கேப்பீங்க. காட்டுறேன். 2024-25 பருவத்துல சன்னரக நெல்லுக்கு மத்திய அரசு விலையும் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையும் சேத்து குவிண்டால் 2450 ரூபா. அதாவது கிலோ 24 ரூபா 50 காசு. எனக்கு அந்தச் சம்பாவுல ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டுச்சு. 18 குவிண்டால். வரவு 44,100.

செலவு: உழவு 6,000. விதை, நாத்தங்கால் 2,500. நடவுக் கூலி 6,500. உரம், மருந்து 7,000. களை எடுப்பு 3,500. அறுப்பு மெஷின் 4,000. ஏத்துக்கூலி, காயவைக்குறது, தூத்துறது 2,000. மொத்தம் 31,500. மிச்சம் 12,600.

அஞ்சு மாசம், ஏறக்குறைய 150 நாள். ஒரு ஏக்கருக்கு நாளைக்கு 84 ரூபா. அதுல நானும் என் வீட்டுக்காரம்மாவும் சேத்தி. ராத்திரி மடை திறக்கப் போனது, எலிக்குக் கிட்டி வச்சது, விரிச்ச நெல்லுக்குக் காவல் படுத்தது, எதுக்கும் கூலி போடல. இதுவும் மழை அடிக்காம, புகையான் வராம நல்லபடியா விளைஞ்ச வருஷத்துக் கணக்கு. இனிமே தியேட்டர்ல பாப்கார்ன் வாங்குறப்ப அந்தக் காசை 24.50-ஆல வகுத்துப் பாருங்க, எத்தனை கிலோ நெல்லுன்னு தெரியும்.

இந்தக் கணக்கை வச்சுப் படம் எடுத்தா யார் பாப்பாங்கன்னு கேக்குறீங்களா? எடுத்திருக்காங்க. இந்தியில பிமல் ராய் 1953-லயே எடுத்தார், 'தோ பீகா ஜமீன்'. பல்ராஜ் சாஹ்னி நடிச்சது. ரெண்டு பீகா நிலம் வச்சிருக்குற சம்பு. தன் கடன் 65 ரூபாதான்னு நினைச்சுக்கிட்டிருக்கான். ஜமீன்தார் கணக்குல அது 235 ரூபா. கோர்ட்டு மூணு மாசம் தவணை குடுக்குது. கல்கத்தா போய் கைரிக்‌ஷா இழுக்குறான். படத்துல வில்லன் இருக்கான், ஆனா படத்தை இழுத்துக்கிட்டுப் போறது அந்த 235 ரூபாதான். ஒவ்வொரு ரூபா சேர்றப்பவும் நமக்கு மூச்சு முட்டும். கடைசியில நிலம் போயிடும், அங்க தொழிற்சாலை எழும்பும். ஒரு பிடி மண்ணு எடுக்கப் போனவனைக் காவல்காரன் அதட்டுவான், மண்ணைக் கீழ போட்டுட்டு நடப்பான்.

65 வருஷம் கழிச்சு 2018-ல நம்ம தேனி மலையில லெனின் பாரதி 'மேற்குத் தொடர்ச்சி மலை' எடுத்தார். அதுல ரங்கசாமிக்கு ஒரே ஆசை, துண்டு நிலம் வாங்கணும். மலையில ஏலக்காய் மூட்டை சுமந்து காசு சேக்குறான். ஒரு தடவை பத்திரம் முடியுற நேரத்துல தட்டிப் போகும், இன்னொரு தடவை மூட்டை பள்ளத்துல உருண்டு போகும். கடைசியில வாங்கிடுவான். வாங்கின நிலம் விதைக் கடன்லயும் உரக் கடன்லயும் போயிடும். அவனுடையதா இருந்த இடத்துலயே காத்தாலைக்கு செக்யூரிட்டியா சீருடை போட்டு உக்காந்திருப்பான். சம்புவைக் காவல்காரன் விரட்டினான். இங்க விவசாயியே காவல்காரன் ஆயிட்டான். ஒரு அழுகை கிடையாது, வசனம் கிடையாது. எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. இந்தப் படத்தை உங்கள்ல எத்தனை பேர் தியேட்டர்ல பாத்தீங்க?

கேமரா முன்னாடி சாகுறதைப் பத்தியும் ஒரு படம் இருக்கு, 2010-ல வந்த 'பீப்லி லைவ்'. கடன்ல நிலம் ஏலத்துக்கு வரும். நத்தாங்குற ஆள் நஷ்ட ஈட்டுக்காகத் தற்கொலை பண்ணிக்கப் போறான்னு செய்தி பரவி, டிவி வேன் அத்தனையும் அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். அதே ஊர்ல மண்ணைத் தோண்டி வித்துப் பொழைக்குற ஒரு மெலிஞ்ச ஆள், தோண்டின குழியிலயே செத்துக் கிடப்பான். ஒரு கேமராவும் திரும்பாது. 'கத்தி'யில டிவி வந்தா விடிவு வரும். 'பீப்லி லைவ்'ல டிவி வரும், போகும், அவ்வளவுதான். எது நிஜம்னு எங்களைக் கேளுங்க.

மணிகண்டனோட 'கடைசி விவசாயி' வேற ஜாதிப் படம். நல்லாண்டி ஐயா நடிச்சார்னு சொல்ல மனசு வரல, இருந்தார். படம் வெளிவர்றதுக்குள்ள அவர் போயிட்டார். செத்துக் கிடந்த மயிலைப் புதைச்ச பாவத்துக்கு அவரை ஜெயில்ல போடுறாங்க. அவர் கவலை தன்னைப் பத்தி இல்ல, வயல்ல தண்ணி இல்லாமக் காயுற பயிரைப் பத்தி. நீதிபதியம்மா ஒரு போலீஸ்காரரையே அந்தப் பயிருக்குத் தண்ணி பாய்ச்சச் சொல்லுவாங்க. பயிரும் ஒரு உசுருன்னு ஒரு கோர்ட்டு ஒத்துக்குது பாருங்க, அதுக்கே நூறு கும்பிடு. ஆனா அந்தப் படத்துலயும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த நெல்லு குலதெய்வத்துக்கு விளையுது, கொள்முதல் நிலையத்துக்குப் போகல. பெரியவர் சந்தைக்கே வராத மனுசர். நானும் என் பக்கத்து வயல்காரரும் வந்துதான் ஆகணும்.

இன்னொண்ணு. விவசாயின்னா வெள்ளை வேட்டி கட்டி, வரப்புல நிக்குற ஆம்பளைன்னு சினிமா முடிவு பண்ணிடுச்சு. எங்க பக்கம் நாத்து நடுறதும் களை எடுக்குறதும் பொம்பளைங்க. வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடியுறது அவங்களுக்கு. சினிமாவுல அவங்க சோத்துத் தூக்கோட வருவாங்க, போவாங்க. சொந்தமா ஒரு குழி நிலம் கூட இல்லாம ஊரு வயலை எல்லாம் விளைய வைக்குறவங்களுக்கு 'விவசாயி'ங்குற பட்டமே கிடையாது. மாரி செல்வராஜ் 'வாழை'யில அதைத் தொட்டார். வாழைத்தார் சுமக்குற ஜனம், தாருக்கு ஒரு ரூபா கூடக் கேக்குறதுக்கு எவ்வளவு பயப்படுது, எவ்வளவு யோசிக்குதுன்னு காட்டினார். ஒரு ரூபாயை வச்சு நெஞ்சைப் பிசைய முடியும்னு நிரூபிச்சார். அந்த ஒரு ரூபாதான் நான் சொல்ற கணக்கு.

"சினிமா பொழுதுபோக்கு அண்ணே, பாடம் எடுக்குற இடமா"ன்னு சென்னையில இருக்குற தம்பி ஒருத்தர் போன்ல கேட்டார். நான் பாடம் கேக்கல. பொழுதுபோக்குன்னா தாராளமா போக்குங்க, பேய்ப்படம் எடுங்க, கடத்தல் படம் எடுங்க, நானே முதல் ஆளாப் பாப்பேன். ஆனா எங்க பேரைச் சொல்லி எடுத்தா எங்க சங்கதி அதுல இருக்கணும்ல?

"விழிப்புணர்வாச்சும் வருதே"ன்னார் அடுத்து. வந்துச்சு, ஒத்துக்குறேன். 'கத்தி' வந்தப்ப தண்ணியைப் பத்தி நாலு பேர் பேசினது உண்மை. ஆனா அந்த விழிப்பு எதை நோக்கி? ஒரு கெட்டவனை நோக்கி. அவனைத் திட்டியாச்சுன்னா மனசு லேசாயிடும். அரிசி விலை ரெண்டு ரூபா ஏறினா அதே மனசு அரசாங்கத்தைத் திட்டும். அரிசி ஏறக்கூடாது, விவசாயி மட்டும் வாழணும். எப்படிங்க? இந்தக் கேள்வியை ஒரு படமாவது உங்களைப் பாத்துக் கேட்டிருக்கா? கேக்காது. டிக்கெட் வாங்குறவங்களை சங்கடப்படுத்தக் கூடாதுல்ல. அதுக்குத்தான் அந்தக் கும்பிடு. கும்பிட்டுட்டா குடுக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லைன்னு ஆயிடுது.

டவுன்ல இருக்குற உங்ககிட்ட நான் கேக்குறது ரொம்ப சின்ன விஷயம். அடுத்த தடவை திரையில ஒரு ஹீரோ மண்ணைக் கையில அள்ளி நெத்தியில வச்சா, உடனே விசிலடிச்சிடாதீங்க. "நெல்லு என்ன விலைக்குப் போச்சு?"ன்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க. படம் முடியுறதுக்குள்ள பதில் கிடைச்சா அது எங்க படம். கிடைக்கலைன்னா அது அந்த ஹீரோவோட படம், அவ்வளவுதான்.

தண்ணி கடைசி வயலுக்கு வந்திருக்கும், மடை மாத்தணும். வரேன்.