சுவரில் மாட்டவா சைக்கிள்?

"மரத்துல செஞ்ச சைக்கிள் சார்... என்ன அழகு பாருங்க!" என்று ஒரு போட்டோவைக் காட்டினார் நண்பர். வெளிநாட்டுத் தயாரிப்பு. வால்நட் மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் மின்னின. விலைக்கு நம் ஊரில் ஒரு நல்ல மோட்டார் பைக்கே வாங்கிவிடலாம். "வாங்கினா ஓட்டமாட்டேன், ஹால்ல மாட்டிடுவேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

மரச் சைக்கிள் ஏதோ நேற்றைய ஃபேஷன் என்று நினைக்கிறீர்களா? சைக்கிள் பிறந்ததே மரத்தில்தான். 1817 ஜூன் 12. ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிராய்ஸ் என்பவர் இரண்டு சக்கர மர வண்டி ஒன்றில் கிளம்பினார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தித் தள்ள வேண்டியதுதான். சக்கரம், நம் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குத் தம்பி. மர ஆரக்கால், மர வட்டை, மேலே இரும்புப் பட்டா. சுமார் 7 கிலோமீட்டர் தள்ளியிருந்த சத்திரம் வரை போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டார். குதிரைக்கு மாற்றாக ஒரு வாகனம் வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஹாலுக்கு அலங்காரம் தேடி அல்ல.

"மரம் தாங்குமா?" என்று கேட்பீர்கள். தாங்கும், மரத்தைப் படிக்கத் தெரிந்தவர் கையில். மரம் என்பது நார்களின் கட்டு. நார் ஓடும் திசையில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அதே திசையில் கோடாலியை இறக்கினால் விறகாகப் பிளந்துவிடும். அதனால் நல்ல தச்சர் எந்தப் பக்கம் பாரம் விழும் என்று பார்த்து, அதற்கேற்ப ரேகையைத் திருப்புகிறார். பட்டைப் பட்டையாக ஒட்டுகிறார், எடை குறைய உள்ளே குடைகிறார், தண்ணீர் இறங்காமல் வார்னிஷ் பூசுகிறார். சாலையின் அதிர்வை இரும்பைவிட மரம் அதிகமாக விழுங்கிக்கொள்ளும். இத்தனை உழைப்பும் உங்கள் முதுகு வலிக்காமல் இருக்க. ஆணியில் தொங்கும் சைக்கிளுக்கு முதுகு எங்கே இருக்கிறது?

இப்போது காங்கோ நாட்டின் கோமா நகருக்கு வாருங்கள். அங்கே 'சுக்குடு' என்று ஒரு மர வண்டி. நீளப் பலகை, இரண்டு சின்ன மரச் சக்கரங்கள், மாட்டுக் கொம்பு மாதிரி ஹேண்டில்பார். பெரும்பாலும் தைல மரம். சக்கரத்தைச் சுற்றிப் பழைய டயர் துண்டு. பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் உந்துகிறார்கள். உருளைக்கிழங்கு, கரி, வாழைத்தார் என்று நூற்றுக்கணக்கான கிலோ ஏறும். 2002-ல் எரிமலைக் குழம்பு நகருக்குள் ஓடியது. 2025 ஜனவரியில் ஆயுதப் படை நகரைப் பிடித்தது. சுக்குடுக்காரருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள் அங்கே!

உடனே "ஆஹா, எளிமை!" என்று உருகாதீர்கள். அவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ரசனையால் அல்ல, லாரிக்குக் காசில்லாததால். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். உடைந்தால் உள்ளூர்த் தச்சர் சரிசெய்துவிடுவார். பி.காம். படித்த புத்திக்கு அது புரிகிறது. வாங்கிய விலையை, ஏற்றிய பாரத்தால் வகுத்தால் அந்த வண்டி லாபம். நண்பரின் சைக்கிளை எதால் வகுப்பது? பூஜ்யத்தாலா?

"சுற்றுச்சூழலுக்கு நல்லது சார்" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சுவரில் தொங்கும் சைக்கிள் எத்தனை சொட்டு பெட்ரோலை மிச்சப்படுத்தியது? அதை மாட்டிவிட்டு, கீழே போய்க் காரைத்தானே ஸ்டார்ட் செய்யப்போகிறார்?

எல்லோரும் மரச் சைக்கிள் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கு இரும்புச் சைக்கிளே மலிவு, மழைக்கும் பயமில்லை. ஆனால் ஆசைப்பட்டு வாங்கினால் தயவுசெய்து ஓட்டுங்கள். கீறல் விழட்டும், சேறு படட்டும். ஒரு வருஷம் கழித்துத் துடைத்து, மறுபடி வார்னிஷ் அடியுங்கள். அதைச் செய்த தச்சருக்கு நீங்கள் தரும் மரியாதை அதுதான்.

நண்பரிடமும் இதையே சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். போட்டோவை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.