சுற்றி நின்று காத்த பறவைகள்

பங்குனி மாதத்துப் பிரதோஷ நாள். மாலை வழிபாட்டை முடித்துக்கொண்டு, விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் ஆலயத்தின் கிழக்கு இராஜகோபுரத்தின் வழியாக வெளியே வந்தேன். வாயிலருகே பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்றிருந்தனர். நடுவில், கருங்கல் தரையில், ஒரு கிளிக்குஞ்சு. ஏழு நிலைக் கோபுரத்தின் பொந்து ஒன்றிலிருந்து விழுந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் பச்சை இறகு மூடியிருந்தது. வால் மட்டும் குட்டையாக இருந்தது.

ஓர் அம்மையார் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அதன் அலகில் ஊற்றப் போனார். அருகில் நின்ற பெரியவர், “பேரனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வளர்ப்பான். பழமலைநாதரே கொடுத்த பிரசாதம் இது” என்றார். இருவர் நெஞ்சிலும் இருந்தது இரக்கமே. ஆயினும், “அம்மா, தண்ணீர் ஊற்றாதீர்கள்” என்று என்னையறியாமல் குரல் கொடுத்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மைனாக்குஞ்சைக் கண்டெடுத்தேன். தாயில்லாப் பிள்ளை என்று எண்ணி, கூடையில் வைத்து, பால்சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். சங்கால் பால் புகட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு அழுதேன். “அதற்கு ஆயுசு அவ்வளவுதான், விடு” என்று அம்மா தேற்றினார். பல ஆண்டுகள் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “பறவைக்குப் பால் செரிக்காதே ஐயா” என்றார். அதன் ஆயுள் முடிந்து அது சாகவில்லை. என் அறியாமையால் செத்தது. இன்றும் அந்த நினைவு உறுத்துகிறது. அன்பர்கள் எவருக்கும் அப்படியொரு உறுத்தல் வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது இது: தரையில் கிடக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை அனாதைகள் அல்ல. இறகு முளைத்து, குட்டை வாலுடன் தத்தித் தத்திச் செல்லும் குஞ்சு, பறக்கப் பழகும் பருவத்தில் இருக்கிறது. சில நாள்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் திரிவது அதன் இயல்பு. தாயும் தந்தையும் அருகிலேயே இருந்து இரை ஊட்டும். நாம் சுற்றி நிற்பதால்தான் இறங்கி வர அஞ்சும். கோடையில் நாம் தெருவில் நடக்கையில் காகம் காரணமின்றித் தலையில் கொத்துவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அதன் கூடோ குஞ்சோ அருகில் இருக்கும். இத்தகைய குஞ்சை நாய், பூனை எட்டாத கிளையிலோ மதில் மேலோ வைத்துவிட்டு விலகிவிடுவதே நாம் செய்யத்தக்கது.

இறகே முளைக்காத, கண் திறவாத குஞ்சாயின் கதை வேறு. அதற்குக் கூட்டின் சூடு வேண்டும். கூடு தெரிந்து, கை எட்டினால், மெல்ல எடுத்து உள்ளே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அது உண்மையன்று. நம் கை வாசனைக்காகத் தாய் தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. கூடு சிதைந்து போயிருந்தால், சிறிய பூக்கூடையில் உலர்ந்த புல்லையோ தேங்காய் நாரையோ பரப்பி, அதே மரத்தில் நிழலான இடத்தில் கட்டிவிடலாம். அடியில் நீர் வடிய வழி இருக்க வேண்டும். பிறகு தொலைவில் நின்று ஓரிரு மணி நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தாய் வந்துவிடும்.

அப்படியும் வரவில்லை, அல்லது குஞ்சுக்குக் காயம் பட்டிருக்கிறது என்றால்தான் நம் உதவி தேவை. துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித் துணியை மடித்துப் போட்டு, குஞ்சை வைத்து, மூடி, இருளான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தால் சூடு கிடைக்கும். பால் கூடாது; ரொட்டியும் பால்சோறும் கூடாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறக்கிறது. ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். பூனை கவ்விய குஞ்சுக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும், அதன் பல்லிலுள்ள கிருமி உயிரைப் பறிக்கும். காலம் தாழ்த்தாமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

“நாமே வளர்த்தால் என்ன?” என்று கேட்கலாம். சிறு குஞ்சுகள் பலவற்றுக்குத் தாய்ப்பறவை விடியல் முதல் அந்தி வரை அடிக்கடி இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. புழுவும் பூச்சியும் பழமும் அந்தந்த இனத்துக்கு ஏற்றபடி வேண்டும். அது நம் வீட்டில் இயலாது. மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். அம்பிகையின் திருக்கரத்தில் கிளியைக் கண்டு கைகூப்பும் நாம், அதை வீட்டுக் கம்பிக்குள் அடைப்பது பொருந்துமா?

உண்மையிலேயே தாயற்றுப் போகும் குஞ்சுகளை எப்படிப் பேண வேண்டும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் சான்று. 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமின்றி, ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் ஊருக்கு வந்த நல்வரவாகக் கருதி, வெடிச் சத்தமும் எழுப்புவதில்லை. காற்றில் கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை அங்கே தனி அடைப்பில் வைத்து, மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். வனத்துறைக் காவலராகப் பணிபுரிந்த பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும் இப்பணியைத் தம் பிள்ளைகளை வளர்ப்பது போலச் செய்தவர்கள். அப்படி வளர்ந்த பறவைகள் சிறகு வலுத்ததும் தம் கூட்டத்தோடு போய்ச் சேரும். திருப்பி அனுப்புவதற்காகவே வளர்ப்பது அங்கே வழக்கம். தமக்கென்று வைத்துக்கொள்வதற்காக அல்ல.

மகாபாரதத்தில் சகுந்தலையின் பிறப்பை நாம் அறிவோம். மாலினி நதிக்கரையில் மேனகை விட்டுச் சென்ற பச்சிளங்குழந்தையைக் காட்டு விலங்குகள் தீண்டாமல் பறவைகள் சூழ்ந்து நின்று காத்தன. கண்வ முனிவர் வந்து எடுத்து வளர்த்தார். சகுந்தம் என்றால் பறவை. பறவைகள் காத்தமையால் சகுந்தலை என்று பெயரிட்டார். அந்தப் பறவைகள் குழந்தையைத் தம் கூட்டுக்குத் தூக்கிச் செல்லவில்லை. தமக்குத் தெரிந்ததை ஊட்டவும் இல்லை. வளர்க்க வல்லவர் வரும் வரை காவல் நின்றன. அவ்வளவே. ஆனால் அதுவே அக்குழந்தையின் உயிரைக் காத்தது. அன்று பறவைகள் மனிதக் குழந்தைக்குச் செய்ததை, இன்று நாம் அவற்றின் குழந்தைக்குச் செய்தால் போதும்.

அன்று கோபுர வாயிலில் என்ன நடந்தது? ஆலயப் பணியாளர் ஒருவர் பூக்கூடை ஒன்றில் குஞ்சை வைத்து, ஏணி போட்டு அருகிலிருந்த மண்டபத்தின் மேல் வைத்தார். எல்லோரும் விலகி நின்றோம். பேரனுக்கு என்று கேட்ட பெரியவரும் வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இருட்டுவதற்குச் சற்று முன், கீச்சென்ற குரலோடு ஒரு கிளி இறங்கியது. கூடையின் விளிம்பில் அமர்ந்து, குஞ்சின் வாயில் எதையோ ஊட்டியது.

“வந்துவிட்டாளே தாய்!” என்று பெரியவர் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். எனக்கு அந்த முருங்கை மரத்தடி நினைவுக்கு வந்தது.