பனிமலைக்கும் நமக்கும் என்ன உறவு?



பாலாற்றங்கரையில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே. ஏலகிரியின் குளிருக்கே கம்பளி தேடும் நாம், உறைபனி மூடிய மலைகளில் காலில் பலகை பூட்டி ஏறி இறங்குவோரைப் பற்றி ஏன் அறிய வேண்டும் எனச் சிலர் வினவலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தோல், மற்றொன்று உயிர்.

பனிச்சறுக்கில் இரு வகை உண்டு. கம்பிவட ஊர்தியில் மேலே சென்று, சீர்செய்த பாதையில் சறுக்கி இறங்குவது ஒன்று. ஊர்தியும் பாதையும் இல்லாத மலையில் தன் காலாலேயே ஏறித் தன் காலாலேயே இறங்குவது மற்றொன்று. இரண்டாவதன் போட்டி வடிவம் 2026ஆம் ஆண்டின் மிலான்–கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளில் முதன்முறையாக இடம்பெற்றது.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கொண்டு மேட்டில் ஏறுவது எங்ஙனம்? விடை தோலில் இருக்கிறது. முற்காலத்தில் கடல்நாயின் தோலை மயிரோடு நீளமாக அறுத்துப் பலகையின் அடியில் கட்டினர். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கிச் செல்லும். பின்னே சரிய முற்பட்டால் மயிர் எதிர்த்து நின்று பனியைப் பற்றிக்கொள்ளும். இன்று அங்கோரா வெள்ளாட்டு மயிரையோ நைலான் இழையையோ துணியில் நெய்து ஒட்டுகின்றனர். ஆயினும் அதன் பெயர் இன்றும் 'தோல்' என்பதே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரிலிட்டு முதலில் நீக்குவது மயிரைத்தான். நாம் வேண்டாமெனக் கழிக்கும் அதே மயிர், பனிமலையில் மனிதனைத் தாங்கி நிற்கிறது!

இனி, உயிரைப் பற்றிய செய்திக்கு வருவோம். மலையில் பனி ஒரே நாளில் குவிவதன்று. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கை விட்டுச் செல்கிறது. அடியிலுள்ள ஓர் அடுக்கு உப்புப்போல் பொலபொலவென்று இருந்து, மேலடுக்கு பாளமாக இறுகியிருந்தால், ஒருவர் மிதிக்கும் அதிர்ச்சியே போதும்; பாளம் முழுதும் பெயர்ந்து சரியும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இது நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்புவதும் இதே சரிவுகளைத்தான்! இங்ஙனம் மாளும் பொழுதுபோக்குப் பயணிகளில் மிகப் பலர், தாமோ தம் தோழரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே மாள்கின்றனர்.

ஓடும்போது நீர்போல் பாயும் பனி, நின்றவுடன் கல்போல் இறுகிவிடும். புதைந்தவர் தாமாகத் தோண்டி வெளிவருதல் அரிது. 10 அல்லது 15 நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் பிழைப்போர் சிலரே. ஆகையால் அறிவுடையோர் தனித்துச் செல்வதில்லை. வானலைக் குறிப்பு அனுப்பும் சிறு கருவி, ஆழம் பார்க்கும் மடக்குக் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கும். எவரும் தம் கருவியால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. தோழனின் கருவியே தம்மைக் காக்கும்.

நம் நாட்டில் இக்கலையைப் பேணி வருவது இராணுவம். காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1948இல் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கியதே இன்றைய உயர்மலைப் போர்ப்பள்ளி. அப்பள்ளியில் பயிற்சிக்குச் சென்ற வீரருள் 17 பேரை 2010 பிப்ரவரி 8 அன்று பனிச்சரிவு பலிகொண்டது. பயிற்சி துணைநிற்கும், ஆனால் மலையைக் கட்டிப்போடாது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், 19ஆம் மதராஸ் படைப்பிரிவின் காவற்சாவடிமீது பனிப்பாளம் சரிந்து பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களுள் நால்வர் தமிழகத்தார். ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துத் துக்கம்பாறையைச் சேர்ந்த ஹவில்தார் ஏழுமலை. மீட்புப் படையினர் நாட்கணக்கில் பனியை அறுத்துத் தேடினர். டாட், மிஷா என்னும் நாய்களும் மோப்பம் பிடித்துத் துணைநின்றன. ஆறாம் நாளில் கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். நாடே அவருக்காக மன்றாடிற்று. எனினும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவரும் கண்மூடினார்.

பனியில் புதைந்தோரை நாய்கொண்டு தேடும் வழக்கம் திருச்சபைக்குப் புதிதன்று. ஆல்ப்ஸ் மலையில் புனித பெர்னார்து 11ஆம் நூற்றாண்டில் நிறுவிய விடுதியின் துறவிகள், நூற்றாண்டுகளாக நாய்களுடன் சென்று வழிப்போக்கரை மீட்டனர். இளமையில் மலையேறியவரான திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், 1923இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

இங்கு நாம் சிந்திக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. விளையாட்டுக்காக மலையேறுபவர் வானம் கறுத்தால் திரும்பிவிடலாம். திரும்புவதே அவருடைய உயர்ந்த திறமை. காவற்சாவடியில் நிற்கும் வீரருக்கு அந்த உரிமை இல்லை. எச்சரிக்கை வந்தாலும் ஆணை வரும்வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தும், பிறருக்காகத் தாங்கும் ஆபத்தும் ஒன்றல்ல.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு சொல். சுற்றுலாவுக்காக மணாலிக்கும் குல்மார்க்குக்கும் செல்லும் நம் பிள்ளைகள், குறியிட்ட பாதையை விட்டு விலகாதிருக்கட்டும்; உள்ளூர் வழிகாட்டி திரும்புக என்றால் வாதாடாது திரும்பட்டும். அந்த நேரத்தில் திரும்புதல் கோழைத்தனமன்று.

மற்றொரு சொல் நம் அனைவர்க்கும். வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் நம் அருகிலேயே உள்ளன. அங்கெல்லாம் குளிர்காலத்தில் தொலைபேசி ஒலிக்கும்போது நெஞ்சு துணுக்குறும் தாய்மாரும் மனைவியரும் இருக்கின்றனர். செய்தித்தாள் மறந்துபோன பின்னும் அவ்வில்லங்களின் கதவைத் தட்டி, நலம் விசாரித்து, அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆவன செய்வோமாக. பனிமலையில் புதைந்தவனைத் தேட வேண்டியவன் தோழன். அவன் விட்டுச்சென்ற குடும்பத்தைத் தேடிச் செல்ல வேண்டியவர்கள் நாமே.