துருத்திக்கு முன் உலை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் இளைஞர் கூடிப் பேசுமிடத்து ‘டர்போ’ என்னும் சொல் அடிக்கடி என் செவியில் விழுகின்றது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களே கைமாறின. அவற்றின் விலையும் ஏறிற்று. புதியது வாங்க இயலாதவன் தன்னிடமுள்ள பழையதற்கு வலிமை ஏற்ற எண்ணுவது இயல்பே. அந்த ஆசையை யான் பழிக்கவில்லை. அதனை நிறைவேற்றும் ஒழுங்கு தலைகீழாயிருக்கின்றது என்பதே என் முறைப்பாடு. முதலில் கருவியை வாங்குகின்றனர், அடுத்துப் பூட்டுகின்றனர், எஞ்சின் அதைத் தாங்குமா என்னும் வினா, புகை கிளம்பிய பின்னரே பிறக்கின்றது.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்பாரும் உளர். டர்போ என்பது ஒரு துருத்தி. துருத்தியோ நம் இலக்கியத்துக்குப் பழக்கமான பொருள். குறுந்தொகை 172ஆம் செய்யுளில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழூர் வேலையையும் தனித்து ஏற்ற ஓர் ஊரின் உலைத்துருத்தியைக் காட்டி, எல்லை காணாது வருந்தும் நெஞ்சுக்கு அதனை உவமையாக்கினார். ஊதும் கருவிக்கும் ஓர் அளவு உண்டென்பதை அப்புலவர் அறிந்திருந்தார். நம் கராஜ்காரர் சிலர் அறிந்திலர்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல். அதற்குமேல் 7 இறாத்தல் ஏற்றினால், காற்றைக் குளிரவைத்து அனுப்பும் பட்சத்தில், ஏறக்குறைய அரைப்பங்கு காற்று மிகுதியாக உட்புகும். காற்று மிகுந்தால் பெற்றோலும் மிகவேண்டும். இரண்டும் மிகுந்தால் வெப்பமும் மிகும். அவ்வளவையும் தாங்கவேண்டியது இருபது ஆண்டு ஓடித் தேய்ந்த உலை.

ஆதலால் ஆயத்தம் அமுக்கமானியிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் தனித்தனியே அளந்து எழுதுக. ஒன்றுக்கும் மற்றதற்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு காணின், வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துவிட்டன என்று கொள்க. டர்போவுக்கென ஒதுக்கிய பணத்தை அங்கேயே செலவிடுவதுதான் அறிவுடைமை.

அடுத்தது பெற்றோல். சாதாரண எஞ்சின் பல, காற்றையும் பெற்றோலையும் முன்னரே பத்துக்கு ஒன்றாக நெருக்குவன. அதன்மேல் துருத்தியும் ஊதினால், சுடர் பரவிவரும் முன்னரே கலவை தானாக வெடிக்கும். ‘டக் டக்’ என்னும் அவ்வோசையைப் பொருட்படுத்தாது மேடேறினால் பிஸ்டன் உடையும். 92 ஒக்ரேனை விடுத்து 95ஐ நிரப்பினால் மட்டும் போதாது. பெற்றோல் பீச்சும் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் புதிதாக வகுக்கவேண்டும். 1962இல் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ‘ஜெற்ஃபயர்’ என்னும் டர்போக் காரை விற்றபோது, இவ்வெடிப்பைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்துக்குத் தனிக் கலமே வைத்தது. உரிமையாளர் பலர் அதை நிரப்பத் தவறினர். பின்னாளில் பல வண்டிகளிலிருந்து டர்போ கழற்றப்பட்டது. தொழிற்சாலையே பூட்டி அனுப்பிய வண்டிக்கு நேர்ந்த கதி இது. நம்மவர் வாங்குவதோ பெட்டியில் வரும் தொகுதி.

காற்றைக் குளிர்விக்கும் கருவியை வீண்செலவென்று தள்ளுவோரும் உளர். ‘நம்முடையது மலைநாடுதானே’ என்கின்றனர். இரத்தினபுரி நுவரெலியா அன்று. இங்குள்ள புழுக்கத்தில் நெருக்கப்பட்ட காற்று எவ்வளவு கொதிக்கும் என்பதை எண்ணவேண்டும். றேடியேற்றரைக் கழுவுவதும், டர்போவிலிருந்து ஒயில் தடையின்றிக் கீழிறங்கும் குழாயைச் சரிவாக அமைப்பதும், கிளச் தட்டைப் பார்ப்பதும் இவற்றோடு சேர்ந்தவை.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது பிரேக். அதற்குப் பட்டியலில் கடைசி இடம். பல வேளைகளில் இடமே இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் கார் 90இல் ஓடினால் வேகம் ஒன்றரை மடங்குதான். நிறுத்துங்கால் பிரேக் உண்ணவேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. பலாங்கொடைக்கு அப்பால் வளைந்தேறும் வீதியிலும், தெரணியகலைப் பக்கத்து ஒடுங்கிய தோட்டப் பாதைகளிலும், மழை பெய்து தேயிலைச் சரிவின் சேறு தாரில் பரவியிருக்கையில், கொழுந்து லொறி ஒரு திருப்பத்தில் எதிர்ப்படும். நடைபாதை இல்லாமையால் பாடசாலை விட்ட பிள்ளைகள் வீதியோரமாகவே நடப்பர். அவர்களுட் சிலர் என் வகுப்பிலும் இருப்பவர். ஆகவே பிரேக் தட்டுகள், திரவம், ரயர் ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கி, மிஞ்சியதைக் கொண்டு டர்போவை எண்ணிப்பார்க்கும்படி கேட்கின்றேன். மிஞ்சாவிடின் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

பூட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்க. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, அவர்களது விடையையும் எழுத்திலேயே பெற்று வைக்கவேண்டும்.